வீட்டைக் காலி செய்யும் முன் ஒரு கடிதம்



வாடகை வீட்டுக்குக் குடி போகும்போது நாம் நல்ல நாள் பார்க்கிறோம், பால் காய்ச்சுகிறோம், அட்வான்ஸ் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். ஆனால் அந்த வீட்டை விட்டு வெளியே வரும்போது எப்படி வர வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. இந்தப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஒரு அக்காவின் கதை

பெயர் வேண்டாம். நம் கூட்டங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுகிற சங்கதிகளைச் சேர்த்து ஒரே ஆளுக்கு நடந்தது போலச் சொல்கிறோம்.

திருநள்ளாறில் வாடகைக்குக் குடியிருந்தார் ஒரு அக்கா. மாச வாடகை 3,500 ரூபாய், அட்வான்ஸ் 20,000 ரூபாய். மகளுக்குக் காரைக்காலில் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு பார்த்தார்கள். குழாயடியில் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தபோது, "அடுத்த மாசம் காலி பண்றோம்க்கா" என்று சொன்னார். "சரிம்மா, நல்லா இருங்க" என்றார் அவரும். சாமான்களை ஏற்றியாயிற்று, சாவியையும் கொடுத்தாயிற்று. அட்வான்ஸ் கேட்கப் போனால் வீட்டுக்காரர் சொல்கிறார்: "எங்கிட்ட யாரும் சொல்லலையே. மூணு மாச வாடகை புடிச்சுக்கிறேன். வெள்ளையடிக்கிற செலவு வேற இருக்கு."

குழாயடியில் பேசினதுக்கு சாட்சி யார்? அந்தக் குழாய்தான்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வாரம் 50 ரூபாய் குழுவில் சேமிக்கிற பெண் 20,000 ரூபாய் சேர்க்க 400 வாரம் ஆகும். அதாவது ஏழரை வருஷத்துக்கும் மேலே. சனி பகவான் குடியிருக்கிற ஊரில் ஏழரை வருஷம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு நாள் உழைப்பு, ஒரு காகிதம் எழுதாததால் இழுபறியில் நிற்கிறது.

நம்ம ஊருக்கு எந்தச் சட்டம்?

முதலில் ஒரு விஷயம். நாம் இருப்பது காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி யூனியன் பிரதேசம். பேரளத்திலோ நாகப்பட்டினத்திலோ இருக்கிற நம் அக்கா தங்கைகளுக்குச் சொல்வது எல்லாம் நமக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. அது தமிழ்நாட்டுக்குத்தான். ஆகவே "நாகப்பட்டினத்துல இப்படித்தான் செய்றாங்க" என்று யாராவது சொன்னால், அதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம்.

நம் பகுதி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது அவர்களுடைய சிவில் சட்டம் இங்கே நடந்தது. அந்தச் சட்டத்தில் 1736ஆவது விதி, எழுத்து இல்லாமல் வாடகைக்கு விட்ட இடத்தைக் காலி செய்யச் சொல்வதானால் ஊர் வழக்கப்படி உள்ள கெடுவைக் கொடுக்க வேண்டும் என்றது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1968இல் பல இந்தியச் சட்டங்களைப் புதுச்சேரிக்கும் நீட்டித்தார்கள். 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் அப்படி வந்ததுதான். அதற்குப் பிறகு ஊர் வழக்கம் போய், நாள் கணக்கு வந்தது.

15 நாள் என்பது என்ன?

சொத்து மாற்றுச் சட்டத்தின் 106ஆவது பிரிவு சொல்வது இது. மாச வாடகைக்கு இருக்கிற வீட்டை முடித்துக்கொள்ள 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும். இது இரண்டு பக்கத்துக்கும் பொது. நாம் காலி செய்வதானாலும் நாம்தான் 15 நாள் முன்னால் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதானாலும் அவர் 15 நாள் தர வேண்டும்.

ஆனால் நீங்கள் கையெழுத்துப் போட்ட வாடகைப் பத்திரத்தில் "ஒரு மாதம் முன்னறிவிப்பு" அல்லது "இரண்டு மாதம்" என்று எழுதியிருந்தால் அதுதான் செல்லும். பத்திரத்தில் ஒன்றும் எழுதவில்லை, அல்லது பத்திரமே இல்லை என்றால்தான் 15 நாள். ஆகவே முதல் வேலை, பெட்டியிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்துப் படிப்பது. படிக்கத் தெரியாதவர்கள் குழுவில் படித்த தங்கையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாளை எப்படி எண்ணுவது? முன்பெல்லாம் நோட்டீஸ் வாடகை மாசம் முடிகிற நாளோடு சரியாக முடிய வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நோட்டீஸே செல்லாது என்று வழக்குகள் தள்ளுபடி ஆகும். 2002 டிசம்பர் 31 முதல் இது மாறிவிட்டது. இப்போது நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் எண்ணினால் போதும். ஜூன் 10ஆம் தேதி கடிதம் அவர் கைக்குப் போனால் ஜூன் 25இல் கெடு முடிகிறது. பத்திரத்தில் ஒரு மாதம் என்று இருந்தால் ஜூலை 10. நாம் எழுதிய தேதி கணக்கில்லை, அவருக்குக் கிடைத்த தேதிதான் கணக்கு. இதை மறக்காதீங்க.

11 மாசப் பத்திரம்

பலர் 11 மாசத்துக்குப் பத்திரம் எழுதுவார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. 11 மாசம் முடிந்தால் ஒப்பந்தம் தானாகவே முடிகிறது. அதற்குப் பிறகும் நாம் அங்கேயே இருந்து வாடகை கொடுக்க, அவரும் வாங்கிக்கொண்டால், அது மாச வாடகைக் குடியாக மாறிவிடும். அப்புறம் காலி செய்ய நோட்டீஸ் வேண்டும்.

11 மாசம் முடியும் முன்பே கிளம்ப வேண்டியிருந்தால், நடுவில் காலி செய்ய வழி எழுதியிருக்கிறதா என்று பத்திரத்தில் பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் பேசி, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும்?

சட்டம் கேட்பது மூன்றுதான்.

1. எழுத்தில் இருக்க வேண்டும். குழாயடிப் பேச்சும் போன் பேச்சும் நோட்டீஸ் ஆகாது.

2. கையெழுத்து இருக்க வேண்டும். வீட்டை யார் பெயரில் எடுத்தோமோ அவர் போட வேண்டும், அல்லது அவர் சார்பில் ஒருவர் போட வேண்டும். பத்திரம் கணவர் பெயரில் இருந்தால் அவரையும் போடச் சொல்லுங்கள். அடுத்த வீடு எடுக்கும்போது உங்கள் பெயரையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் நம் சேமிப்பிலிருந்து போகும்போது பெயர் மட்டும் ஏன் விட்டுப்போக வேண்டும்?

3. சரியாகப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரர் கையில் கொடுக்கலாம். அவர் வீட்டில் அவர் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம். தபாலில் அனுப்பலாம். இது எதுவும் முடியாவிட்டால் அந்தச் சொத்தில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டவும் சட்டம் இடம் தருகிறது. வீட்டுக்காரர் நம் கதவில் நோட்டீஸ் ஒட்டினால் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வரவில்லை என்று சொல்ல முடியாது.

கடிதத்தை இப்படி எழுதலாம்:

அனுப்புநர்: (உங்கள் பெயர், இப்போது குடியிருக்கும் முகவரி)
பெறுநர்: (வீட்டு உரிமையாளர் பெயர், முகவரி)
தேதி:
பொருள்: வாடகை வீட்டைக் காலி செய்வது பற்றி முன்னறிவிப்பு

ஐயா / அம்மா,

மேலே கண்ட முகவரியில் உள்ள தங்கள் வீட்டில் ........ தேதி முதல் மாதம் ........ ரூபாய் வாடகைக்குக் குடியிருந்து வருகிறேன். முன்பணமாக ........ ரூபாய் தங்களிடம் கொடுத்துள்ளேன். இந்த வீட்டை ........ தேதியில் காலி செய்து சாவியை ஒப்படைக்கிறேன். அதுவரை உள்ள வாடகையையும் கரண்ட் பில்லையும் செலுத்திவிடுகிறேன். சாவி ஒப்படைக்கும் நாளில் வீட்டைப் பார்வையிட்டு, முன்பணத்தைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை அவரிடம் கொடுத்து, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "நமக்குள்ள எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்பார். "தப்பா நினைக்காதீங்கண்ணே, குழுவுல எல்லாத்துக்கும் எழுதி வைக்கச் சொல்லிப் பழக்கிட்டாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். சண்டை வேண்டாம், கையெழுத்து வேண்டும்.

கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றால் தபாலில் அனுப்புங்கள். முன்பு பதிவுத் தபால் என்று தனியாக இருந்தது. 2025இல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் தபால் நிலையத்தில், "ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியோடு அனுப்பணும், போய்ச் சேர்ந்த அத்தாட்சியும் வேணும்" என்று கேளுங்கள். ரசீதைக் கடிதப் பிரதியோடு பின் செய்து வையுங்கள். சரியான முகவரிக்குப் போன கடிதத்தை அவர் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினாலும் அது அவருக்குக் கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். திரும்பி வந்த கவரைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால், அவர் முகவரிக்கு ஒன்று அனுப்புங்கள். இங்கே வாடகை வாங்குகிறவரிடம் ஒன்று கொடுங்கள். கடிதத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். அது கூடுதல் சாட்சி.

அட்வான்ஸைக் கழிச்சுக்கலாமா?

"கடைசி மூணு மாச வாடகையை அட்வான்ஸுல கழிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வாடகையை நிறுத்துகிறவர்கள் உண்டு. வீட்டுக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் தப்பில்லை. ஒப்புக்கொள்ளாமல் நிறுத்தினால் அது வாடகை பாக்கிதான். வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று நம் மேலேயே வழக்குப் போடலாம். வாடகையை மாசாமாசம் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தராதவருக்கு வங்கி வழியாகவோ செல்போன் வழியாகவோ அனுப்புங்கள். அந்தப் பதிவே ரசீது.

சாவி கொடுக்கிற நாள்

வீட்டுக்காரரையோ அவர் ஆளையோ கூட வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டுங்கள். சுவர், கதவு, குழாய், கழிவறை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். கரண்ட் மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணையும் படம் எடுங்கள்.

எதற்குப் பணம் பிடிக்கலாம்? நாம் வாங்கியபோது வீடு எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திருப்பித் தர வேண்டும் என்கிறது 108ஆவது பிரிவு. ஆனால் புழக்கத்தில் வருகிற சாதாரணத் தேய்மானத்துக்கும், மனிதரால் தடுக்க முடியாத சேதத்துக்கும் நாம் பொறுப்பில்லை. கடற்காற்றில் சுவரில் உப்புப் பூத்தது, வெள்ளை மங்கியது எல்லாம் தேய்மானம். 2018 நவம்பரில் வந்த கஜா புயல் மாதிரி ஒன்றில் ஓடு பறந்தால் அது குடியிருந்தவர் குற்றம் இல்லை. நம் பிள்ளை பந்தடித்து உடைத்த ஜன்னல் கண்ணாடி நம் பொறுப்பு. அதை ஒப்புக்கொண்டு சரி செய்து கொடுப்பதுதான் நியாயம்.

நாம் மாட்டிய ஃபேன், பின்பக்கம் நாம் போட்ட கீற்றுக் கொட்டகை இவற்றைப் பிரித்து எடுத்துப் போகலாம். ஆனால் சாவி கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எடுத்த இடத்தைப் பழையபடி சரி செய்துவிட வேண்டும்.

சாவியும் அட்வான்ஸும் ஒரே நேரத்தில் கைமாறுவதுதான் நல்லது. அன்று அவரிடம் முழுப் பணம் இல்லையென்றால், "இந்தத் தேதியில் சாவி பெற்றுக்கொண்டேன். முன்பணத்தில் ........ ரூபாய் பாக்கி. ........ தேதிக்குள் தருகிறேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுங்கள். சாவியைக் கையிலேயே வைத்திருந்தால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவர் சொல்ல இடம் உண்டு.

ஒத்திக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை இல்லாமல் மொத்தமாகப் பெரிய தொகை கொடுத்துக் குடியிருப்பதில் வீட்டை அடமானமாகப் பிடித்திருந்தால், 100 ரூபாய்க்கு மேற்பட்ட அடமானத்துக்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். வெறும் வெள்ளைத்தாளை நம்பி லட்சக்கணக்கில் கொடுக்காதீங்க.

வீட்டுக்காரர் விரட்டினால்?

சனிப்பெயர்ச்சி வந்தால் நம் ஊர் எப்படி மாறும் என்று 2020 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பார்த்தோம். நளதீர்த்தம் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. அந்தச் சமயத்தில் ஒரு வீட்டுக்காரர், யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் நாலு காசு பார்க்கலாம் என்று நினைத்து, "நாளைக்கே காலி பண்ணு" என்று சொன்னால் என்ன செய்வது?

ஒரே நாளில் காலி செய்யச் சொல்ல முடியாது. நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் கெடு முடிந்தும் நாம் போகவில்லை என்றாலும், அவர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பூட்டை உடைப்பது, சாமானைத் தெருவில் போடுவது, கரண்டை நிறுத்துவது எதற்கும் அவருக்கு உரிமை இல்லை. அப்படிப் பலவந்தமாக வெளியேற்றினால், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டம் 6ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டுக்குள் திரும்ப வரலாம்.

புதுச்சேரியில் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுக்கென்று 1969இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். அது நடக்கிற இடங்களில் வாடகைதாரருக்குப் பாதுகாப்பு கூடுதல். வாடகை பாக்கி, உள்வாடகைக்கு விட்டது, வீட்டுக்காரரின் சொந்தத் தேவை போன்ற காரணத்தைக் காட்டி, வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் உத்தரவு வாங்கித்தான் வெளியேற்ற முடியும். நம் தெரு அதில் வருகிறதா என்பதைச் சட்டப் பணிகள் குழுவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "நோட்டீஸே தரலை, கேஸ் நிக்காது" என்று நினைத்து மெத்தனமாக இருந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டிலிருந்து போன தனபால் செட்டியார் - யசோதை அம்மாள் வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஒரு தீர்ப்பு சொன்னார்கள். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுகிற வீட்டுக்காரர், அதற்கு முன் 106ஆவது பிரிவு நோட்டீஸ் தர வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் தீர்ப்பு. அந்தச் சட்டமே வாடகைதாரரைக் காப்பாற்றுவதால் தனி நோட்டீஸ் வேண்டாம் என்றார்கள். ஆகவே நீதிமன்றத்திலிருந்து ஏதாவது காகிதம் வந்தால் அன்றைக்கே யோசனை கேட்கப் போங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் சொருகி வைக்காதீங்க.

யாரிடம் போவது?

பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இதைத் தருகிறது. காரைக்கால் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவைக் கேட்டுப் போகலாம். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் யோசனை கேட்கலாம். அட்வான்ஸ் தகராறு மாதிரி விஷயங்களை மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே முடிவானது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதற்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே சம்மதித்துக் கையெழுத்துப் போடும் முன் தொகையை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும்போது கையில் எடுத்துப் போக வேண்டியவை: வாடகைப் பத்திரம், வாடகை ரசீதுகள், நோட்டீஸ் பிரதி, தபால் ரசீது, போட்டோக்கள்.

வீடு மாறிய பிறகு

ரேஷன் அட்டை, ஆதார், வாக்காளர் அட்டை, கேஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் முகவரியை மாற்றுங்கள். குழுவின் பதிவேட்டிலும் புது முகவரியை எழுதச் சொல்லுங்கள்.

நம்மில் சிலர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இந்தப் பாடம் நமக்கும்தான். நம் வீட்டில் குடியிருக்கிற பெண்ணும் எங்கோ ஒரு குழுவில் வாராவாரம் சேமிக்கிறவள். அவள் கடிதம் கொண்டுவந்தால் முகம் சுளிக்காமல் வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சாவி வாங்குகிற அன்றே அவள் பணத்தைக் கொடுங்கள்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் எத்தனை பேர் வாடகை வீட்டில் இருக்கிறோம்? பத்திரம் யார் பெயரில் இருக்கிறது?

2. நம் பத்திரத்தில் முன்னறிவிப்பு எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறது?

3. அட்வான்ஸ் கொடுத்ததற்குக் கையில் என்ன அத்தாட்சி இருக்கிறது?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வாடகைப் பத்திரத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். பத்திரம் இல்லாதவர்கள் அட்வான்ஸ் கொடுத்த தேதியையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். வீட்டுக்காரரிடம் அதில் ஒரு கையெழுத்து வாங்குவதற்குக் காலி செய்கிற நாள்வரை காத்திருக்க வேண்டாம். பேச்சுவார்த்தை நன்றாக இருக்கிற இன்றைக்கே வாங்கி வைப்பது சுலபம்.